புளோட்டினஸ்: பெயர் மறைந்து பரவிய தத்துவம் (கேள்வி பதில்)

கேள்வி: கிரேக்கத் தத்துவம் என்றாலே தர்க்கம்தானே? அதில் ஞான மார்க்கத்துக்கு இடம் உண்டா?

நிறையவே உண்டு. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தென் இத்தாலியின் குரோட்டனில் பிதாகரஸ் திரட்டிய குழு மறுபிறவியை நம்பியது. பிளேட்டோவும் ஆன்மாவின் அழிவின்மையை வாதிட்டு நிறுவ முயன்றார். இவர்கள் தர்க்கத்தைக் கைவிட்டவர்கள் அல்லர். அதன் வழியாகவே மேலேறியவர்கள். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ரோமில் கற்பித்த தத்துவஞானி புளோட்டினஸ் இந்த வரிசையில் வருபவர்.

கேள்வி: புளோட்டினஸ் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா, ஐயா?

எல்லாவற்றுக்கும் மூலம் 'ஒருமை'. அதற்கு வடிவம் இல்லை. 'இருக்கிறது' என்று சொல்வதுகூட அதைக் குறுக்கிவிடும். அதிலிருந்து பேரறிவு, பேரறிவிலிருந்து ஆன்மா, ஆன்மாவிலிருந்து நாம் காணும் உலகம். இவ்வளவும் பெருகி வந்தும் மூலம் சிறிதும் குறைவதில்லை. வந்த வழியே உள்முகமாகத் திரும்புவதுதான் மனிதனின் வேலை.

புளோட்டினஸ் அந்த ஒருமையோடு நான்கு முறை கலந்ததைத் தான் உடனிருந்த காலத்தில் கண்டதாக அவருடைய மாணவர் போர்ஃபிரி எழுதுகிறார். அதே புளோட்டினஸ் ரோமில் பெற்றோரை இழந்த பல பிள்ளைகளுக்குக் காப்பாளராக இருந்து, அவர்களுடைய சொத்துக் கணக்குகளையும் பொறுமையாகச் சரிபார்த்தார். அவரை நான் மதிப்பதற்கு இந்தச் செய்தியே முதல் காரணம்.

கேள்வி: இது அப்படியே உபநிடதம் அல்லவா? இங்கிருந்து போனதுதானே?

அவசரப்பட வேண்டாம். பாரசீக, இந்தியத் தத்துவங்களை அறியும் ஆவலில் கி.பி. 243இல் ரோமப் பேரரசர் மூன்றாம் கோர்டியனின் படையோடு அவர் கிழக்கே புறப்பட்டது உண்மை. மறு ஆண்டே பேரரசர் இறந்தார். புளோட்டினஸ் உயிர் தப்பி, அன்றைய சிரியாவின் அந்தியோக்கியா நகருக்குப் போய்ச் சேர்ந்தார். இந்தியாவை அவர் பார்க்கவே இல்லை. ஒப்புமை வியப்பூட்டுகிறது, ஆனால் கடன் வாங்கினார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

கேள்வி: இவ்வளவு பெரியவர் என்றால் பள்ளியிலோ கல்லூரியிலோ இவர் பெயரையே கேட்டதில்லையே, ஏன்?

அவருடைய கருத்துகள் பெரும்பாலும் பிறர் பெயரில் பயணம் செய்ததால்தான். அவருடைய எழுத்துகளைப் போர்ஃபிரி தொகுதிக்கு ஒன்பதாக ஆறு தொகுதிகளில் 54 கட்டுரைகளாக அடுக்கினார், அதுவே 'என்னியட்ஸ்'. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில், அரபுத் தத்துவஞானி அல்-கிந்தியின் வட்டத்தில், அதன் பிற்பகுதி அரபு மொழிக்குப் போனது. தலைப்பு என்ன தெரியுமா? 'அரிஸ்டாட்டிலின் இறையியல்'! மருத்துவரும் தத்துவஞானியுமான இப்னு சீனா போன்ற மேதையே அதற்குக் குறிப்புரை எழுதினார். ஒருமையிலிருந்து உலகம் படிப்படியாக வெளிப்படும் சிந்தனை இஸ்லாமியத் தத்துவத்தில் இவ்வாறு ஊன்றியது.

கிறிஸ்தவ உலகிலும் இதே கதைதான். புனித அகஸ்டின் தம் வாழ்க்கைக் கதையில், 'பிளேட்டோவியரின் நூல்கள்' தமக்குக் கண் திறந்ததைச் சொல்கிறார். எழுதியவர் யார் என்று அங்கே சொல்வதில்லை. கி.பி. 500 வாக்கில் வாழ்ந்த ஒருவர், புனித பவுலின் சீடர் டயோனிசியஸ் என்ற பெயரில் இம்மரபின் கருத்துகளை எழுதினார். அதைத் திருச்சபை நூற்றாண்டுக் கணக்கில் போற்றியது. 1492இல் ஃபிளாரன்ஸில் மார்சிலியோ ஃபிசினோவின் லத்தீன் மொழிபெயர்ப்பு அச்சேறிய பிறகே மேற்கு ஐரோப்பா புளோட்டினஸை அவர் பெயரிலேயே முழுமையாகப் படித்தது.

கேள்வி: புதிதாகப் படிப்பவர் எங்கே தொடங்கலாம்?

முதல் தொகுதியின் ஆறாவது கட்டுரையான 'அழகு'. அவர் முதலில் எழுதியதும் அதுவே. சிற்பி வேண்டாததைச் செதுக்கி எறிவதுபோல உன்னையே செதுக்கு என்று அவர் சொல்வது அதில்தான். அடுத்து, போர்ஃபிரி எழுதிய வாழ்க்கை வரலாறு. ஆறாம் தொகுதியின் முதல் மூன்று கட்டுரைகளைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். இருப்பவற்றை அரிஸ்டாட்டில் வகை பிரித்த முறையோடு மல்லுக்கட்டும் பகுதி அது, எடுத்த எடுப்பில் நுழைந்தால் சலித்துவிடும்.