மீனைக் கடைசியில் வாங்குங்கள்

ஃபைட்டர் மீன் பற்றிய கேள்விகள் நிறையவே சேர்ந்துவிட்டன, அதனால் இந்த முறை முழுக்க அதுதான். பெட்டா என்று சொல்பவர்களும் இதே மீனைத்தான் சொல்கிறார்கள்.

கேள்வி: அண்ணன் மகளுக்கு இன்னும் 3 வாரத்தில் பத்தாவது பிறந்தநாள். செடிகள் வைத்த சின்னத் தொட்டியில் ஒரு ஃபைட்டரை விட்டு, அன்று காலை அப்படியே கொண்டுபோய் அவள் முன்னால் வைக்க ஆசை. 5 லிட்டர் தொட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

அண்ணியிடம் கேட்பதிலிருந்து ஆரம்பியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பத்து வயதுக் குழந்தைக்கு நீங்கள் தரும் மீன்தொட்டி, நிஜத்தில் அந்த வீட்டில் வாராவாரம் வாளி தூக்கப்போகிறவருக்குத் தரும் பரிசு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஃபைட்டர் 3 வருடம் வாழும், சில 4 வருடம் வரைகூடப் போகும். அவர் தயங்கினால் அத்தோடு விட்டுவிடுங்கள், வேறு பரிசா கிடைக்காது? சரி என்று சொன்னால் மேலே படியுங்கள்.

5 லிட்டர் வேண்டாம். சின்னத் தொட்டிதானே, வேலை குறைவு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், ஆனால் நடப்பது நேர்மாறு: தண்ணீர் குறையக் குறைய மீனின் கழிவு அதில் சீக்கிரம் அடர்த்தியாகிவிடும், அறை கொஞ்சம் குளிர்ந்தால் தண்ணீரும் கூடவே குளிர்ந்துவிடும், நாம் ஒரு தவறு செய்தால் திருத்திக்கொள்ள அவகாசமே இருக்காது. 40 செ.மீ. நீளம், 25 அகலம், 25 உயரம் உள்ள கண்ணாடித் தொட்டியை எடுங்கள். மேலே 4 செ.மீ. விட்டு நிரப்பினால் மண், கல் போக ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். மேசையில் அடங்கும் அளவுதான்.

ஆனால் அதை நிரப்பித் தூக்கிக்கொண்டு போக முடியாது. தண்ணீர் மட்டும் 20 கிலோ, கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்ந்தால் 30 கிலோவை ஒட்டி வந்துவிடும். எடையைக்கூடச் சமாளிக்கலாம், உள்ளே தண்ணீர் அலைமோதும்போது மூலை ஒட்டு படும் பாடுதான் பெரிய தொல்லை. நான் ஒருமுறை புத்திசாலித்தனமாகப் பாதித் தண்ணீரோடு தொட்டியைக் காரில் ஏற்றி ஒரு நண்பர் வீட்டில் இறக்கினேன். மூன்றாம் நாள் சிலிக்கான் ஒட்டு விட்டு, அவருடைய புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்துபோனது. அவர் இன்றுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆகவே தொட்டியைக் காலியாகக் கொண்டுபோய், அது எங்கே இருக்கப்போகிறதோ அங்கேயே வைத்து நிரப்புங்கள். மேசை ஆடக்கூடாது, நேர் வெயில் படக்கூடாது, பக்கத்தில் மின்சாரப் பிளக் வேண்டும்.

இனி அந்த 3 வாரக் கணக்கு. புதுத் தொட்டியில் நிரப்பிய தண்ணீர் கண்ணுக்குச் சுத்தமாகத்தான் இருக்கும், மீனுக்கு அது இன்னும் தயாராகவில்லை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா வரும், அது செவுளைப் புண்ணாக்கும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கிய பிறகுதான் ஆபத்து விலகும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும், செடிகளும் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விட்டு, இரண்டாம் வாரத்தில் அது செத்துப்போய், "நமக்கு மீன் ராசி இல்லை" என்று முடிவுகட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். அதில் ராசிக்கு என்ன வேலை, அம்மோனியாதான் காரணம்.

அதனால் நான் சொல்வது இதுதான்: பிறந்தநாளன்று மீன் இல்லாத தொட்டியைக் கொடுங்கள். செடியும் மரக்கட்டையும் விளக்கும் இருந்தாலே பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அன்றிலிருந்து தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவை அதில் போடுவது அவள் வேலை, அது அழுகித்தான் பாக்டீரியாவுக்குத் தீனியான அம்மோனியா வரவேண்டும். கூடவே ஒரு டெஸ்ட் கிட் வாங்கிக் கொடுங்கள். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்தை விட்டுக் குலுக்கி, மஞ்சளா பச்சையா என்று அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவது பத்து வயதில் மந்திர வித்தை மாதிரி இருக்கும் (சொட்டு மருந்தைப் பெரியவர்கள் விடட்டும்). அளவுகள் ஏறி இறங்கிய பிறகு, ஒரு சிட்டிகை போட்ட மறுநாளும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 என்று காட்டினால் தொட்டி தயார். அதன்பின் தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டு, அவளையே கடைக்குக் கூட்டிப்போய் அவளுக்குப் பிடித்த மீனை அவளையே எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் நீலம் வாங்கி வைத்து, அவள் மனதில் சிவப்பு இருந்தால் என்ன செய்வீர்கள்?

இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு. பல மாதங்களாக நோயில்லாமல் ஓடும் தொட்டி தெரிந்தவர் யாரிடமாவது இருந்தால், அவருடைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, காயவிடாமல் அந்தத் தொட்டித் தண்ணீரோடேயே எடுத்துவந்து உங்கள் ஃபில்டரோடு சேர்த்துவிடுங்கள். பாக்டீரியா குடும்பத்தோடு குடிவந்த மாதிரி. அப்போதும் டெஸ்ட் செய்யாமல் மீனை விடாதீர்கள்.

செடி விஷயத்தில் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் அள்ளாதீர்கள். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா மாஸ் மூன்றும் குறைந்த வெளிச்சத்தில், கார்பன்டை ஆக்சைடு சிலிண்டர் எதுவும் இல்லாமல் வளரும். முதல் இரண்டையும் மண்ணில் புதைக்காமல் கட்டையிலோ கல்லிலோ பருத்தி நூலால் கட்டிவிடுங்கள், வேர் பிடித்த பிறகு நூல் தானே மக்கிவிடும். மேலே கொஞ்சம் சால்வினியா மிதக்கட்டும், அதன் நிழல் ஃபைட்டருக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் மேற்பரப்பை முழுக்க மூடவிடாதீர்கள், ஏன் என்று அடுத்த பதிலில் வருகிறது. அனுபியாஸ் இலை ஒன்று மேற்பரப்பை ஒட்டி அகலமாக இருந்தால் மீன் அதன்மேல் படுத்துத் தூங்கும், நிஜமாகவே படுக்கும். பிளாஸ்டிக் செடி வேண்டாம், அதன் முனைகள் துடுப்பைக் கிழிக்கும். விளக்கு ஒரு நாளைக்கு 6, 7 மணி நேரம் போதும், டைமர் போட்டுவிடுங்கள். அதற்குமேல் எரிந்தால் வளர்வது பாசிதான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், காற்றைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் அந்த நீளத் துடுப்பை வைத்துக்கொண்டு மீன் நாள் முழுக்க நீரோட்டத்தோடு மல்லுக்கட்டும். தண்ணீர் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கவேண்டும். அறை அதைவிடக் குளிர்ந்தால் 25 வாட் ஹீட்டர் ஒன்று, எப்படியானாலும் ஒரு தெர்மாமீட்டர். மூடி கட்டாயம் வேண்டும், ஃபைட்டர் குதிக்கும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து. ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீராக இருந்தால் அந்த வித்தை பலிக்காது.

கேள்வி: எனக்குப் பரிசாக ஒரு கண்ணாடிக் குடுவை வந்தது. மேலே ஒரு செடி, அதன் வேர் தண்ணீரில் தொங்குகிறது, உள்ளே ஒரு ஃபைட்டர். "வேரைத் தின்றே வாழும், காற்று எதுவும் தேவையில்லை" என்று கொடுத்தவர் சொன்னார். 10 நாளாக மீன் அசையாமல் கிடக்கிறது.

அது வேரைத் தின்னாது. ஃபைட்டர் மாமிசப் பிராணி, காட்டில் அதன் சாப்பாடு கொசுப்புழுவும் சின்னப் பூச்சிகளும்தான். 10 நாளாக அது பட்டினி கிடக்கிறது, இன்றைக்கே ஃபைட்டருக்கான உருண்டை உணவு 2 போடுங்கள்.

காற்றுக் கதை பாதி உண்மை, அதனால்தான் இன்னும் மோசம். செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்ற உறுப்பு இந்த மீனுக்கு இருக்கிறது, மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி அதன்மூலம் சுவாசிக்கும். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் மற்ற மீன்கள் சாகும் இடத்தில் இது தாக்குப்பிடிப்பது அதனால்தான். உங்கள் குடுவையில் செடி வாயை அடைத்துக்கொண்டு நின்றால் அந்தக் காற்றும் கிடைக்காது. தாய்லாந்தின் நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் வாழ்ந்த மீன் இது (2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது). வயல் தண்ணீர் ஆழம் குறைவாக இருக்கும் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் யாரோ குடுவையில் அடைத்திருக்கிறார்கள். ஆழம் குறைவுதான், ஆனால் அகலம் எவ்வளவு?

தொட்டி வாங்கும் வரை ஒரு சுத்தமான பெரிய பிளாஸ்டிக் டப்பா போதும், குளோரின் நீக்கிய, அதே சூட்டுத் தண்ணீர் ஊற்றி மாற்றுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீரைப் புதிதாக்குங்கள். கொடுத்தவர்மேல் கோபம் வேண்டாம், அவரிடமும் யாரோ அப்படித்தான் சொல்லி விற்றிருப்பார்கள். செடியைத் தனியாக வளருங்கள், அதுவாவது நன்றாக இருக்கும்.

கேள்வி: செடி வைத்து 2 வாரத்தில் கிரிப்டோகோரைன் இலையெல்லாம் கூழாகிவிட்டது. ஜாவா ஃபெர்ன் அடிப்பக்கம் கறுத்து அழுகுகிறது. தண்ணீர் கெட்டுவிட்டதா?

இரண்டும் வேறு வேறு கதை. கிரிப்டோகோரைன் இடம் மாறினாலே கோபித்துக்கொண்டு இலைகளை உதிர்க்கும். வேரைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், கூழானதை மட்டும் எடுத்துவிட்டு விடுங்கள், சில வாரத்தில் புது இலை வரும். ஜாவா ஃபெர்னை நீங்கள் மண்ணில் புதைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இஞ்சி மாதிரி படுக்கையாகப் போகும் அந்தத் தண்டு மண்ணுக்குள் போனால் அழுகும். வெளியே எடுத்து, கறுத்த பகுதியை வெட்டி, கட்டையில் கட்டுங்கள். அப்புறம், அதன் இலைக்கு அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளி வந்தால் நோய் என்று பயந்து வெட்டாதீர்கள், பெரும்பாலும் அது வித்துத் திரள்தான். இலை நுனியிலேயே குட்டிச் செடி முளைப்பதும் உண்டு, அதைக் கிள்ளி அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

கேள்வி: தண்ணீர்மேல் ஒரு மூலையில் நுரை கட்டியிருக்கிறது. சோப்பு பட்டிருக்குமோ?

உங்கள் மீன் வீடு கட்டியிருக்கிறது. ஆண் ஃபைட்டர் காற்றையும் வாய்ச் சுரப்பையும் கலந்து குமிழிகளாக விட்டு நுரைக்கூடு கட்டும். பெண் முட்டையிட்டால் அதைப் பொறுக்கி அந்தக் கூட்டில் வைத்துக் காவல் காப்பது அப்பாதான். பெண் இல்லாவிட்டாலும் கட்டும். அதைப் பார்த்து ஜோடி வாங்கிவிடாதீர்கள், இனப்பெருக்க நேரம் போக மற்ற வேளையில் அவன் அவளைத் துரத்திக் கடிப்பான். கலைக்க மனம் வராவிட்டால் அந்த மூலையை விட்டுவிட்டு மற்ற இடத்தில் தண்ணீர் மாற்றுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண் ஃபைட்டர்கள், நடுவில் கண்ணாடித் தடுப்பு. சரியா?

இல்லை. நாள் முழுக்க ஒன்றையொன்று பார்த்து விறைத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: செடியோடு நத்தைகள் வந்துவிட்டன. எப்படி ஒழிப்பது?

எதற்கு ஒழிக்கவேண்டும்? 1850 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்குமா என்று பார்க்க வாலிஸ்னேரியா செடியோடு தங்கமீனை வளர்த்தார். அழுகிய இலையால் தண்ணீர் கலங்க ஆரம்பித்ததும் அவர் சேர்த்தது குளத்து நத்தைகளைத்தான், அவை இலையைத் தின்று தொட்டியைக் காப்பாற்றின. உங்களிடம் அவை கேட்காமலேயே வந்திருக்கின்றன. எண்ணிக்கை மிதமிஞ்சினால் நீங்கள் உணவை அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம், உருண்டையைக் குறையுங்கள், அவையும் குறையும்.

கேள்வி: ஒரு வாரம் வெளியூர் போகிறோம். மீனுக்கு என்ன ஏற்பாடு?

கிளம்பும் முன் தண்ணீரில் கால்வாசியை மாற்றுங்கள், ஃபில்டர் பஞ்சு அழுக்காகத் தெரிந்தால், தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே அதைப் பிழியுங்கள், குழாயடியில் கழுவினால் பாக்டீரியா போய்விடும். நல்ல திடமான ஃபைட்டர் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்துவிடும். கரைந்துகொண்டே இருக்கும் விடுமுறை உணவுக் கட்டிகள் தண்ணீரைத்தான் கெடுக்கும். மனசு கேட்கவில்லை, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறோம் என்றால், 2 நாளைக்கு ஒருமுறை 3 உருண்டை என்று தனித்தனிப் பொட்டலமாக மடித்து, மேலே கிழமை எழுதிக் கொடுங்கள். டப்பாவை மட்டும் அவர் கண்ணில் படாமல் ஒளித்துவிடுங்கள்.