பாட்டுக்காரி அடுப்படியில் இருக்கிறார்

கேள்வி: பதினாறு வருடமாகப் போராட்ட மேடைகளில் பாடுகிறேன். டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணிக்கும் தவறாமல் போவேன். காசு வாங்குவதில்லை. "இதனால் வீட்டுக்கு என்ன வந்துச்சு?" என்கிறார் கணவர். நான் போகும் நாளில் பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொள்வார். நடவுப் பாட்டெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான், இப்போது அவருக்குக் கொஞ்சம் மறதி. நான் பாடுவதை விட்டுவிடட்டுமா?
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: "இப்போது அவருக்குக் கொஞ்சம் மறதி." இதை எப்படியம்மா போகிற போக்கில் எழுத மனம் வந்தது?

நெல்லுக்கூலி கூட்டிக் கேட்ட சனங்களில் 44 பேரை 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் பண்ணையார்களின் ஆட்கள் எரித்தார்கள். அந்தக் கூலிக்காகப் பாடும் உங்கள் வீட்டிலேயே, பாட்டுக்கும் கூலியில்லாமல் பிள்ளை வளர்ப்புக்கும் கூலியில்லாமல் ஒரு நடவுக்காரி இருக்கிறார். ஒரு மேடையிலாவது அவர் பெயரைச் சொன்னீர்களா?

மறதியை வயசு என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு கோளாறு, பி12 குறைவு இரண்டாலும் மறதி வரும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. இந்த வாரமே திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

அவர் பாட்டைப் போனில் பதிவதை நாளைக் காலையே தொடங்குங்கள். காப்பி குடித்துத் தெளிவாக இருக்கும் நேரம் பாருங்கள். "பாடுங்கத்தே" என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டு வரியில் நின்றுவிடும். நடவுப் பாட்டு ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. வாங்க ஆளில்லாவிட்டால் அடுத்த வரி வராது. அவரோடு நட்ட இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கையில் ஒரு நாற்று முடியைக் கொடுங்கள், கிடைக்காத மாதமென்றால் கீரைக்கட்டு. கை நட ஆரம்பித்தால் வாய் வரும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். போனில் அழைப்பு வராதபடி செய்து, மடித்த துண்டின் மேல் இரண்டு சாண் தள்ளி வையுங்கள். வெறும் தரையில் வைத்தால் கால் தட்டுவதெல்லாம் இடியாய் விழும். அரை மணிக்கு மேல் வருத்தாதீர்கள். நாற்றுப் பறிப்பா, நடவா, களையா, எந்த ஊர் வயல், யாரிடம் கற்றது, குலவை எங்கே வரும் என்ற பேச்சும் பதிவாகட்டும். எழுதும்போது ஒரு சொல்லையும் திருத்தாதீர்கள், புரியாவிட்டாலும் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். அன்றிரவே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். இயந்திர நடவும் நேரடி விதைப்பும் வந்த பிறகு, போனதை எந்த வரப்பில் நின்று கேட்பீர்கள்?

கணவர் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் காசு கொடுக்கிறவர்கள் பாட்டுக்கும் கொடுக்கட்டும். வண்டி வாடகை, சாப்பாடு, பாட்டுக்கூலி மூன்றையும் தேதி கொடுக்கும்போதே பேசுங்கள். வருவதில் பாதி மாமியார் கையில் போக வேண்டும்.

விட்டுவிடட்டுமா என்கிறீர்கள். அவர் பாட்டை விட்டுவிட நீங்கள் யார்? வரும் டிசம்பர் 25 அவரையும் வெண்மணிக்கு அழைத்துப் போங்கள். பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே முதல் வரியை அவர் எடுக்கட்டும், நீங்கள் வாங்கிப் பாடுங்கள்.