அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்க அவளோடு வந்தீர்களே, அன்று கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று பிறகு தோன்றியது. உங்கள் அண்ணன் சொல்வது தவறு. இடது முழங்கைக்குக் கீழே இல்லாத பிள்ளைக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலைதான் பாதுகாப்பு, நீச்சலை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேரட்டும் என்கிறார். அவர் கையை மட்டும் பார்க்கிறார்.

அந்தப் படிப்பைப் பற்றிக் கேட்டபோது உங்கள் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீச்சல் என்றதும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். 50 மீட்டருக்கு எத்தனை கைவீச்சு, எந்த இடத்தில் உடம்பு இடப்பக்கம் திரும்புகிறது, அதைச் சரிக்கட்டக் காலை எப்படி உதைத்தாள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். கூட நீந்தும் ஆறு பேருக்கும் தனித்தனிப் பக்கம். யாரும் எழுதச் சொல்லவில்லையாம்!

17 வயதாகிவிட்டது, இனி என்ன பதக்கம் என்றும் உங்கள் அண்ணன் கேட்டாராம். பிரேசிலின் மாற்றுத்திறனாளி நீச்சல் வீரர் டேனியல் டியாஸ், மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்ஸான பாராலிம்பிக்ஸை 2004-ல் பார்த்த பிறகுதான் நீச்சலே கற்றார். அப்போது அவருக்கு 16 வயது. 2008 பெய்ஜிங்கில் 9 பதக்கம். சரி, எல்லோரும் டியாஸ் ஆக முடியாது. பதக்கத்தை நம்பிக் குடும்பம் நடத்தவும் முடியாது. அதனால்தான் விளையாட்டு அறிவியல் படிக்கட்டும், நீச்சல் பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கட்டும் என்கிறேன். அதற்கு அப்பால் பலர் யோசிக்காத ஒரு வேலை இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா நீச்சலில் உடல் குறைபாடு உள்ளவர்களை எஸ்1 முதல் எஸ்10 வரை வகுப்பு பிரிப்பார்கள். எண் குறையக் குறைய பாதிப்பு அதிகம். மார்பு நீச்சலுக்கு எஸ்பி என்று தனி வகுப்பு. இதை முடிவு செய்பவர்தான் கிளாசிஃபையர். குழுவில் ஒருவர் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ. இன்னொருவர் நீச்சல் நுட்பம் தெரிந்தவர். முதலில் மேசையில் படுக்கவைத்துத் தசை பலம், மூட்டு அசைவு, உறுப்பின் நீளம் எல்லாம் அளப்பார்கள். அப்புறம் தண்ணீரில் இறக்கி, எப்படிப் பாய்கிறார், எப்படித் திரும்புகிறார், உடம்பை எப்படி நேராக வைக்கிறார் என்று பார்ப்பார்கள். கடைசியில் பந்தயத்திலும் கவனிப்பார்கள். அந்த நுட்பக் கண் உங்கள் மகளுக்கு இப்போதே இருக்கிறது. மாதச் சம்பளத்துக்குப் பயிற்சியாளர் வேலையோ விரிவுரையாளர் வேலையோ இருக்கட்டும். போட்டியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பயிற்சிக்குப் போகலாம்.

செலவில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீந்துவதற்கென்று செயற்கைக் கை வாங்கச் சொன்னார்களாமே, வாங்காதீர்கள். பந்தயத்தில் செயற்கை உறுப்போடு இறங்க அனுமதியே இல்லை. கடன் வாங்கி வெளிநாட்டுப் போட்டிக்கும் இப்போது அனுப்ப வேண்டாம். உள்நாட்டில் கொடுத்த வகுப்பு அங்கே செல்லாது, மறுபடி பரிசோதிப்பார்கள். வகுப்பு மாறினால் யாரோடு போட்டி என்பதே மாறிவிடும். முதலில் உள்நாட்டு வகைப்படுத்தல் முடியட்டும். அவளுடைய நேரங்களை அந்த வகுப்பின் சர்வதேச நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசுவோம்.

அவள் சம்மதம் இல்லாமல் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த முறை உங்கள் அண்ணனையும் அழைத்து வாருங்கள். அந்த நோட்டை அவளே தன் மாமாவுக்குப் படித்துக் காட்டட்டும்.