டிராம்போன் ஆடிஷன்: ‘வால்கிரிகளின் சவாரி’யில் தாளம் எங்கே நழுவுகிறது?

வாக்னரின் ஓபராவில் வரும் இந்தப் பகுதியை மெட்ரோனோமோடு (சீராகத் தட்டும் தாளக் கருவி) சரியாக வாசித்தும் “தாளம் நிற்கவில்லை” என்று முதல் சுற்றிலேயே அனுப்பிவிட்டார்கள் என்றால், கோளாறு பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் மூன்று சுரங்களில் அந்தச் சின்ன நடுச்சுரத்தில்தான்.

9/8 தாளம், அதாவது ஒரு சுற்றுக்கு மூன்று அடி. ஒரு அடியை ஆறாகப் பிரித்தால் மூன்று சுரங்களின் நீளம் 3, 1, 2 பங்கு. பலமாக ஊதும்போது நடுச்சுரம் நீண்டு 2, 2, 2 பக்கம் சரிந்துவிடும். அடிக்கு ஒரு தட்டு மட்டும் வைத்தால் இது காதில் விழாது.

அடிக்கு மூன்று தட்டு வையுங்கள். நடுச்சுரம் இரண்டாவது தட்டுக்கும் மூன்றாவதற்கும் சரியாக நடுவில், கடைசிச் சுரம் மூன்றாவது தட்டின் மேலேயே விழ வேண்டும். போனில் பதிந்து பாதி வேகத்தில் கேளுங்கள். தப்பு பளிச்சென்று தெரியும்.

ஆனால் திருத்துகிறேன் என்று நடுச்சுரத்தை நறுக்கிவிடாதீர்கள். ஆடிஷனில் வாசிப்பவரை மறைக்கும் திரைக்கு அந்தப்பக்கம் இருக்கும் நடுவர்களுக்கு உங்கள் ஒலி மட்டும்தான் தெரியும்; குட்டையான சுரத்துக்கும் முழு நாதம் வேண்டும்.