நீரோ சாத்திய கதவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீரோ மன்னனின் நாணயம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவன் ஆட்சியில் எங்கும் சமாதானம் இருந்தது என்று காசே சொல்வதாக எழுதியிருந்தீர்கள். எந்த அரசாங்கம் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளாமல் இருக்கும்? இன்றைய அரசு விளம்பரத்தை வைத்து இரண்டாயிரம் வருஷம் கழித்து ஒருவர் வரலாறு எழுதினால் எப்படி இருக்கும்? அப்புறம் இன்னொன்று. அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று என் தாத்தா இரண்டு செப்புக்காசு வைத்திருந்தார். ரோமாபுரிக் காசு என்பார். இப்போது அவை என்னிடம் இருக்கின்றன. பச்சைக் களிம்பேறி எதுவும் தெரியவில்லை. இவற்றால் ஏதாவது பயன் உண்டா?

செ., கரூர்

அன்புள்ள செ.,

உங்கள் கேள்வி நியாயமானது. நான் எழுதிய அந்த வரி அவசரத்தில் வந்தது. நீரோவின் அந்தக் காசை இன்னொரு முறை பார்ப்போம்.

அது செஸ்டர்ஷியஸ் என்ற பெரிய பித்தளைக் காசு. எடை ஏறத்தாழ 25 கிராம். ஒரு பக்கம் தடித்த கழுத்தோடு நீரோ. மறுபக்கம் ஜேனஸ் தெய்வத்தின் கோயில். இரட்டைக் கதவு சாத்தியிருக்கிறது. கதவின்மேல் மாலை ஒன்று வளைந்து தொங்குகிறது. பக்கச் சுவரில் கம்பிப் பின்னல் போட்ட ஜன்னல். ரோமானியர் போரில் இருக்கும்வரை அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது மரபு. நிலத்திலும் கடலிலும் மக்களுக்கு அமைதி தேடித் தந்து ஜேனஸின் கதவைச் சாத்தினான் என்று காசைச் சுற்றி லத்தீனில் எழுத்து ஓடுகிறது. இது அடிக்கப்பட்டது கி.பி. 65ஐ ஒட்டி. 66இல் ரோமானிய ஆட்சியிலிருந்த யூதேயாவில் கலகம் வெடித்தது. அதை அடக்கத் தளபதி வெஸ்பாசியனைப் படையோடு அனுப்பியவனும் இதே நீரோதான்.

ஆகவே அமைதி இருந்ததற்கு இந்தக் காசைச் சாட்சியாக வைக்க முடியாது. அமைதி இருப்பதாக ஊர் நம்ப வேண்டும் என்று அரண்மனை நினைத்தது, அதற்குத்தான் இது சாட்சி. ஆனால் அந்த ஜன்னலைப் பாருங்கள். ஜேனஸ் கோயிலின் எச்சம் என்று உறுதியாகக் காட்ட இன்று ரோமில் ஒரு கல்கூட இல்லை. கோயில் எப்படி இருந்தது என்பது பெரும்பாலும் இந்தக் காசுகளால்தான் தெரிகிறது. அச்சு வெட்டியவருக்கு ஜன்னல் விஷயத்தில் பொய் சொல்ல என்ன அவசியம்?

சரி, படத்தை விட்டு உலோகத்துக்கு வருவோம். 64 ஜூலையில் ரோம் நகரம் தீப்பற்றி எரிந்தது. திரும்பக் கட்டப் பணம் வேண்டும், நீரோவின் புது மாளிகைக்கும் வேண்டும். அதுவரை ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு 84 அடித்தார்கள். நீரோ அதை 96 ஆக்கினான். நம் கணக்கில் சொன்னால், அரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த காசு மூன்றரை கிராமுக்கும் கீழே போனது. செம்பும் கலந்தார்கள். எவ்வளவு கலந்தார்கள் என்பது நெடுநாள் தவறாகவே கணிக்கப்பட்டது. காரணம், காசின் மேல்தோலில் வெள்ளி கூடுதலாக நிற்கும்படி பக்குவம் செய்திருந்தார்கள். மேலாகச் சோதித்தவர்கள் ஏமாந்தார்கள். கெவின் புட்சர், மேத்யூ பான்டிங் என்ற ஆய்வாளர்கள் காசைத் துளைத்து உள்ளிருந்து துகள் எடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய சுத்த வெள்ளியாக இருந்தது சுமார் 80 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது தெரிந்தது. எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு காசில் கால் பங்குக்கு மேல் வெள்ளி போய்விட்டது. பித்தளையில் அமைதியைப் பாடிய அதே சமயத்தில் வெள்ளியில் கைவைத்திருக்கிறான். இதை எந்தக் காசிலும் அவன் எழுதி வைக்கவில்லை. தராசுதான் சொல்கிறது.

இதன் இன்னொரு முனை நம்மிடம் இருக்கிறது. தென்னிந்தியப் புதையல்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் நீரோவுக்கு முன் ஆண்ட அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவைதான் மிகுதி. நீரோ தரம் குறைத்த பிறகு அடித்தவை அபூர்வம். அதற்குள் வணிகமே மந்தமாகிவிட்டது என்பவர்கள் உண்டு. பிற்காலப் பொற்காசுகளும் இங்கே கிடைத்திருப்பதால் அதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கிருந்த வியாபாரிகள் பழைய வெள்ளியாகக் கேட்டு வாங்கினார்கள் என்றே நினைக்கிறேன். எந்தப் பானையில் யாருடைய காசு எத்தனை இருந்தது என்று அன்று யாரோ எண்ணிக் குறித்து வைத்ததால்தான் இந்த வாதமே நடக்கிறது.

அந்தக் குறிப்பு இல்லாமல் போவதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. சீசரைக் கொன்ற புரூட்டஸ் அடித்த பொற்காசு ஒன்று 2020இல் பெரும் விலைக்கு ஏலம் போனது. கைமாறி வந்த வழி பற்றிய தாள்கள் பொய் என்று தெரிந்து 2023இல் அதை கிரீஸிடம் ஒப்படைத்தார்கள். காசு திரும்பியது. எந்த மண்ணில், எவற்றோடு கிடந்தது என்பது திரும்பவில்லை.

இப்போது உங்கள் தாத்தாவின் காசுகள். கரூரில் கிடைக்கும் ரோமானியச் செப்புக்காசுகளில் பல 4, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நீரோவுக்கு இருநூறு வருஷத்துக்கும் மேல் பிந்தியவை. உங்களுடையவை அவையாக இருக்கலாம், சேரர் காசாகவும் இருக்கலாம். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும். நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள், இரண்டு பக்கமும் படம் எடுங்கள். ஆற்றின் எந்தப் பக்கம், எந்த வருஷம், மணல் சலித்தவர்களிடம் வாங்கினாரா, தானே எடுத்தாரா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் காசுகளோடு வைத்துக் கரூர் அரசு அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.