ஆல்கீன் மெக்கானிசம்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பதினஞ்சு வருஷமா பி.எஸ்சி பசங்களுக்கு ஆர்கானிக் எடுக்குறேன். இன்னிக்கு ஆல்கீன், அதாவது ரெண்டு கார்பனுக்கு நடுவுல டபுள் பாண்ட் இருக்குறது, அது எப்படிப் படிப்படியா வினை புரியுதுங்குற மெக்கானிசம் மட்டும்தான், வேற எதுவும் கேக்காதீங்க.

பிளஸ் ஒன் பையன்: அக்கா, புரொப்பீன்ல ஹெச்பிஆர் (ஹைட்ரஜன் புரோமைடு) சேத்தா ஏன் 2-புரோமோபுரொப்பேன் வருது? ஹைட்ரஜன் அதிகமா இருக்குற கார்பனுக்கே புது ஹைட்ரஜன் போகும்ங்குற மார்கோவ்னிகாவ் விதி தெரியும், காரணம் தெரியல.

விதிய ஓரமா வை. எலக்ட்ரான் எங்க இருக்குன்னு பாரு, டபுள் பாண்டோட ரெண்டாவது, தளர்வான பிணைப்பான பை பாண்ட்ல இருக்கு, அதுதான் போய் ஹைட்ரஜனப் பிடிக்குது, பிடிச்ச கையோட புரோமின் எலக்ட்ரான் ஜோடிய எடுத்துக்கிட்டு கழண்டுக்கும். ஹைட்ரஜன் ஓரத்து கார்பன்ல ஒட்டினா பாசிட்டிவ் சார்ஜ் நடு கார்பன்ல நிக்கும், ரெண்டு பக்கமும் மெத்தில் (ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன்) தாங்கும். நடுவுல ஒட்டினா சார்ஜ் ஓரத்துல நின்னு தவிக்கும், தாங்க ஒரு பக்கம்தான் ஆள். அதனால முதல் வழிதான் சுலபம், அப்புறம் புரோமைடு வந்து அந்த நடு கார்பன்ல உக்காரும், அவ்ளோதான். மார்கோவ்னிகாவ் இத எழுதினது 1870ல, எலக்ட்ரானக் கண்டுபிடிச்சதே 1897ல, அதனால அவர் சொன்னது பாத்தத மட்டும்தான், காரணத்த இல்ல.

ஒண்ணு மட்டும் மறக்காத: மெக்கானிசம் வரையும்போது எலக்ட்ரான் எங்க போகுதுன்னு காட்டுற அம்புக்குறி எலக்ட்ரான்ல இருந்துதான் கிளம்பணும். ஹெச் பிளஸ்ல இருந்து அம்பு போட்டா நான் மார்க் போட மாட்டேன்.

டியூஷன் எடுக்குறவர்: மேடம், "ஹைட்ரஜன் இருக்குறவன் வீட்டுக்கே போய்ச் சேரும்"னு ஒரு வரில சொல்லிக் குடுத்தா முடிஞ்சுது. நீட்ல 180 கேள்விக்கு 180 நிமிஷம், அதுல பசங்க உக்காந்து அம்பு வரையவா முடியும்?

அப்ப 2-பென்டீன்ல யார் சார் இருக்குறவன்? ரெண்டு கார்பன்லயும் ஆளுக்கு ஒரு ஹைட்ரஜன். ரெண்டு புராடக்டும் கலந்துதான் வரும், உங்க வரி அங்க வாயே திறக்காது. 3,3,3-ட்ரைஃப்ளூரோபுரொப்பீன் எடுங்க, ஹைட்ரஜன் நடு கார்பனுக்குப் போகும், ஹாலஜன் ஓரத்துக்கு. ஏன்னா மூணு ஃப்ளூரின் எலக்ட்ரான இழுக்குற இடத்துக்குப் பக்கத்துலயே பாசிட்டிவ் சார்ஜ் நிக்க முடியாது.

டியூஷன் எடுக்குறவர்: அதெல்லாம் எக்ஸாம்ல வராது மேடம்.

சரி, 3-மெத்தில்-1-பியூட்டீன்ல ஹெச்சிஎல்? இது வரும். முதல்ல செகண்டரி கேட்டயான் (ரெண்டு கார்பன் தாங்குற பாசிட்டிவ் கார்பன்) உண்டாகும், பக்கத்து கார்பன்ல இருந்து ஹைட்ரைடு (எலக்ட்ரான் ஜோடியோட ஹைட்ரஜன்) நகர்ந்து வந்தா அது மூணு கார்பன் தாங்குற டெர்ஷியரி ஆயிடும். 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேனும் வரும், 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேனும் கணிசமா வரும். உங்க வரில ரெண்டாவதுக்கு இடம் எங்க?

டியூஷன் எடுக்குறவர்: ஷிஃப்ட் ஒத்துக்குறேன். ஆனா ஒரு பேட்ச்ல நாப்பது பசங்க, ஒவ்வொருத்தன் நோட்லயும் அம்பு திருத்த எனக்கு நேரம் எங்க?

அது நியாயம்தான். பத்து தடவ வரைஞ்சு பழகினவனுக்கு அந்த வரி குறுக்குவழி, வரையாதவனுக்கு அதே வரி குழி.

பெராக்சைடு சந்தேகம்: ஹெச்பிஆரோட பெராக்சைடு போட்டா விதி தலைகீழா மாறுதே, ஏன்?

தலைகீழா எதுவும் மாறல, முதல்ல யார் உள்ள போறாங்கங்குறதுதான் மாறுது. சாதாரணமா ஹைட்ரஜன் முதல்ல, பெராக்சைடு இருந்தா புரோமின் ராடிக்கல் (ஜோடி இல்லாத ஒத்தை எலக்ட்ரானோட இருக்குற அணு) முதல்ல. அதுவும் ஓரத்து கார்பன்லதான் ஒட்டும், அப்பத்தான் ராடிக்கல் நடுவுல வரும், அதான் ஸ்டெபிள். 1933ல கராஷும் மேயோவும் அல்லைல் புரோமைடு வெச்சு இதப் பிடிச்சாங்க, சுத்தமானத எடுத்தா 1,2-டைபுரோமோபுரொப்பேன், காத்து பட்டு பெராக்சைடு சேந்தத எடுத்தா 1,3. லேப்ல பழைய பாட்டில எடுத்துட்டு "விதி தப்பு"ன்னு என்கிட்ட வராதீங்க.

அடுத்தவர்: ஹெச்சிஎல்லுக்கும் பெராக்சைடு வேலை செய்யுமா?

செய்யாது. ஹெச்சிஎல் பாண்ட் ரொம்ப உறுதி, கார்பன் ராடிக்கலால அத உடைக்குறது கஷ்டம். ஹெச்ஐக்கும் கிடையாது, அங்க அயோடின் ராடிக்கல் டபுள் பாண்ட்ல சேர்றதே நஷ்டம்.

இன்னொருத்தர்: புரொப்பீன் ப்ளஸ் ஹெச்பிஆர் என்ன வரும் அக்கா?

மேல முதல் கேள்வி.

நைட்ரேஷன் கேட்டவர்: பென்சீன் நைட்ரேஷன் சொல்லுங்க.

முதல் வரியிலயே சொன்னேன்ல, இன்னிக்கு கிடையாது.

பி.எஸ்சி பொண்ணு: ட்ரான்ஸ்-2-பியூட்டீன்ல புரோமின் சேத்தா ஏன் மீசோ (தன் கண்ணாடி பிம்பத்தோட அப்படியே பொருந்துறது) மட்டும் வருது?

நல்ல கேள்வி. புரோமின் ரெண்டு கார்பனையும் ஒரே பக்கத்துல இருந்து பிடிச்சு முக்கோணம் மாதிரி நிக்கும், அதுதான் புரோமோனியம், 1937ல ராபர்ட்ஸும் கிம்பாலும் சொன்னது. ஒரு பக்கம் அடைச்சாச்சு, ரெண்டாவது புரோமின் எதிர்ப்பக்கம்தான் வர முடியும். மெத்தில் ரெண்டும் எதிரெதிர்ப் பக்கம் இருக்குற ட்ரான்ஸ்ல அது மீசோ, ஒரே பக்கம் இருக்குற சிஸ்ல ரெசிமிக், அதாவது ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பமான ரெண்டும் சமமா கலந்தது. குளிர்ந்த பெர்மாங்கனேட்டோட குழப்பிக்காத, அது ரெண்டு ஓஹெச்சையும் ஒரே பக்கம் போடும், அதனால சிஸ்ல இருந்துதான் மீசோ டையால். ரெண்டையும் பேப்பர்ல வரைஞ்சு திருப்பிப் பாரு, அம்பு எலக்ட்ரான்ல இருந்து.

வேற ஒருத்தர்: புரொப்பீன் ப்ளஸ் ஹெச்பிஆர்?

ஐயோ. மேல.

டியூஷன் எடுக்குறவர்: மேடம், ஒண்ணே ஒண்ணு. 3,3-டைமெத்தில்-1-பியூட்டீன்ல ஹெச்சிஎல் போட்டா பக்கத்து கார்பன்ல ஹைட்ரஜனே இல்லையே, அப்ப எது நகரும்?

மெத்தில் நகரும் சார். முக்கியமா வர்றது 2-குளோரோ-2,3-டைமெத்தில்பியூட்டேன். வரைஞ்சு பாத்துட்டுதான கேக்குறீங்க? முத அம்பு எங்க இருந்து போட்டீங்க?