நாள் தவறினால் குற்றமா?

தெஹிவளையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு வேலைக்கு ஓடுவதால் லலிதா சகஸ்ரநாமம் தினமும் சொல்ல முடியவில்லை, குற்றமா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். சொல்வதன் பலனைக் கூறும் அதன் கடைசிப் பகுதியான பலசுருதியே வழி விட்டிருக்கிறது: தினமும் முடியாதவர் புண்ணிய நாட்களில் சொல்லலாம். வெள்ளிக்கிழமை அதில் வரும், பௌர்ணமி இன்னும் விசேஷம். இலங்கையில் நமக்குப் பௌர்ணமி என்றால் போயா லீவுதானே, ஆயிரம் நாமத்தையும் ஆறுதலாகச் சொல்லலாம்.

மற்ற நாட்களில் பஸ்ஸில் அபிராமி அந்தாதி மூன்று பாட்டு மனதுக்குள் சொல்லுங்கள். நான் அப்படித்தான். ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்தது தொடங்குவதால், கண்டக்டர் காசு கேட்டு இடையில் குழம்பினாலும் விட்ட இடம் பிடிபடும். நூறு பாட்டும் ஒரு மாதம் சொச்சத்தில் முடியும். அப்புறம், ‘ஹ்ரீம்’ போன்ற பீஜ மந்திரத்தை மட்டும் யூடியூப் பார்த்துத் தொடங்காதீர்கள். அது குருவிடம் வாங்க வேண்டியது.